பேசுகிற பாதி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினி வாய் திறந்து பேசியது. அதன் பிறகுதான் அவளுக்கு எல்லாம் தெரியவந்தது.

கணவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவள் வேலை பார்ப்பது செயற்கைப் பல் கட்டும் கூடத்தில். வரும் வெள்ளிக்கிழமை விடுப்பு வேண்டியிருந்தது. முன்பெல்லாம் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது அதையும் இணையத்தில்தான் போடவேண்டும் என்று விதி. கைப்பேசியில் அந்தப் பக்கம் பாதி திறந்து பாதி திறக்காமல் முரண்டு பிடித்தது. சரி, அவருடைய கணினியில் போட்டுவிடலாம் என்று மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

வீட்டுக் கணினி என்று பேருக்குத்தான் சொல்வது. அவர் ஒரு பதிப்பகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவர். ஒரு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவரே திறந்து வைத்து, "வா, உக்காரு" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். அணைந்து கிடந்ததை அவள் தன் கையால் முடுக்கி வெகுநாள் ஆகியிருந்தது.

பொத்தானை அழுத்தினாள். பீப் என்று ஒரு சத்தம். வழக்கமாக வரும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எதைத் தொடுவது என்று யோசிப்பதற்குள், ஓரத்தில் பத்திலிருந்து குறைந்துகொண்டே வந்த எண் தீர்ந்துபோய், கணினி தானாகவே மேல் வரியை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், பார்த்துப் பழக்கமில்லாத ஒரு திரை வந்தது.

"திரை வாசிப்பான் தயார்" என்றது ஓர் ஆண்குரல்.

அவள் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போய்விட்டாள். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு விசையைத் தட்டினாள். "கோப்புகள்" என்றது. இன்னொன்றைத் தட்டினாள். "குப்பைத் தொட்டி" என்றது. சளி பிடித்தவன் பாடம் ஒப்பிப்பதைப் போல மூக்கால் பேசியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது தம்பியின் வேலைதான், வேறு யார்? அவன் ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது செய்து வைத்துவிட்டு அக்கா அலறுவதை வேடிக்கை பார்ப்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொழுதுபோக்கு.

உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, அவர் லேப்டாப்புக்குப் பேய் பிடிக்க வெச்சிட்டுப் போயிருக்க! எதைத் தொட்டாலும் பேசுது. உனக்கு வேற வேலையே இல்லையா?"

மறுமுனையில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"முடி வெட்டப் போயிருக்கார். ஏன்?"

"தனியாவா?"

அந்தக் கேள்வியே அவளுக்கு விநோதமாகப் பட்டது. ஐம்பதை நெருங்குகிற மனிதர் முடிவெட்டிக்கொள்ளத் துணைக்கு ஆள் தேடுவாரா?

"அக்கா... மாமா உன்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னாரே" என்றான் தம்பி. அப்புறம் அவன் குரல் இறங்கிப்போயிற்று. "அக்கா, உக்காந்துக்கோ."

"உக்காந்துதான்டா இருக்கேன். சொல்லித் தொலை."

அவன் சொன்னான். கண்ணின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பார்வை மங்கிக்கொண்டே வருகிற நோய். குழாய் வழியாகப் பார்ப்பதைப் போல இப்போது நடுவில் மட்டும் தெரிகிறது. அந்தக் குழாயும் நாளுக்கு நாள் ஒடுங்குகிறது. மருந்து கிடையாது. மருத்துவர் கண்டுபிடித்துச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. தம்பிக்குத் தெரிந்து எட்டு மாதம். அதுவும், கணினியில் விண்டோஸோடு இன்னொரு இயங்கு அமைப்பும் ஏற்றித் தரவேண்டும் என்று கேட்டபோது, ஏன் எதற்கு என்று அவன் குடைந்ததால்தான்.

"உன்மேல சத்தியம் வாங்கிட்டார்க்கா. நானே அக்காகிட்ட சொல்லிக்கறேன், நீ முந்திக்காதேன்னு."

"என்மேலேயே சத்தியம் வாங்கி, என்கிட்டயே மறைச்சீங்களா?" என்றுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாள்.

கணினி இன்னும் திறந்தே கிடந்தது. அவள் கை பட்டு ஏதோ ஒரு விசை அழுந்தியது. "இடம் காலி" என்றது அது. அவள் மூடியைச் சாத்தினாள்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முழங்கால் வலி என்று வண்டி ஓட்டுவதை விட்டார். படமெல்லாம் ஒரே இரைச்சல் என்று திரையரங்குக்கு வருவதை நிறுத்தினார். போய்வரும் அலுப்பு என்று சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினார். தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குள் ஒரு விரலை வைத்துக்கொள்வார். "இது என்ன அசிங்கம்" என்று அவளே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். எல்லாவற்றையும்விட அவள் நெஞ்சைப் பிடுங்கியது வேறொன்று. ஒரு வருடமாகத் தெருவில் நடக்கும்போது அவர் அவள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நடந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. கூடத்தில் உடன் வேலை பார்க்கிற பெண்கள் பார்த்துவிட்டு, "வயசு ஏற ஏற உங்க வீட்டுக்காரருக்கு ஆசையும் ஏறுது போல" என்று கிண்டல் செய்தார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் தொழிலே கண்ணால் செய்கிற தொழில். பல்லின் நிறத்தில் பதினாறு சாயல் உண்டு. ஒருவர் வாயில் இருக்கிற பல்லுக்குப் பக்கத்தில் கட்டுகிற பல் அரைச் சாயல் மாறினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கூட இருக்கிற மனிதருக்குக் கண் போவது மட்டும் இரண்டு வருடமாக அவள் கண்ணில் படவில்லை.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாகக் காலாலேயே தள்ளி வைத்தார். அந்த இடத்தில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். வேண்டுமென்றே போட்டதா, தெரியாமல் போட்டதா என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. நேராக வந்து அதில் இடித்துக்கொண்டார்.

"இதை யாரு இங்க போட்டது?"

"நான்தான். தெரியலையா?"

அவர் நின்றார். குரலிலேயே புரிந்துகொண்டுவிட்டார்.

"மாப்ள சொல்லிட்டானா?"

"உங்க லேப்டாப் சொல்லுச்சு. நீங்க சொல்லாததை அது சொல்லுச்சு."

இடித்த காலைத் தேய்த்துக்கொண்டே அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டிய முடித்துணுக்குகள் கழுத்தில் ஒட்டியிருந்தன.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு. சொல்லிட்டா நீ என்னைப் பாக்கற பார்வையே மாறிடும்னு..."

"பார்வையைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கொடுமை அவளுக்கே உறைத்தது. ஆனால் எடுத்த வார்த்தையைத் திரும்ப வைக்க முடியாது. துண்டை எடுத்து அவர் கழுத்திலிருந்த முடியைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே அழுதாள்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தம்பி வந்தான். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவன், வாயில் கொழுக்கட்டை அடைத்தவன் மாதிரி வந்து உட்கார்ந்தான். குழந்தை இல்லாத அந்த வீட்டில் அவன்தான் பாதிப் பிள்ளை. அவளால் அவனை வெகுநேரம் தண்டிக்க முடியவில்லை. தேநீர் போட்டு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு லேப்டாப்புல எதுக்குடா ரெண்டு சிஸ்டம்?"

தம்பி மாமாவைப் பார்த்தான். "சொல்லு மாப்ள" என்றார் அவர்.

பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிற மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அதில் எல்லாம் கண் வேலை. படத்தை இழுத்து வைக்கவேண்டும், எழுத்தை நகர்த்தவேண்டும், தள்ளி நின்று பார்க்கவேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் செய்வது அதைத்தான். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வெறுங்கண்ணால் சொல்லிவிடுவார் என்பதால் பதிப்பகத்தில் அவருக்கு அளவுகோல் என்றே பெயர். கண் போய்விட்டால் அந்த மென்பொருளைக் கட்டிக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வேறொரு வழி இருக்கிறது. தலைப்பு இத்தனை பெரிது, ஓரம் இத்தனை அகலம் என்று எழுத்திலேயே கட்டளை எழுதிக்கொடுத்தால் பக்கத்தைத் தானே கட்டிக்கொள்கிற ஒரு நிரல். அதை லினக்ஸில் ஏற்றி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற குரலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான் தம்பி.

"நான் முதல்லயே முழுசா மாறிடுங்க மாமான்னு சொன்னேன்க்கா. ரெண்டு தோணியில கால் வெச்சா எதுலயும் போக முடியாதுன்னேன். கேக்கலை. விண்டோஸை எடுத்தா என் கையை வெட்டின மாதிரின்னார். சரின்னு டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சேன். ஒரே உறையில ரெண்டு கத்தி. லினக்ஸுக்கு மாமா கொடுத்த இடத்தைப் பாக்கணுமே, வாடகைக்கு வந்தவனுக்கு மாடிப்படிக்குக் கீழ ஒதுக்கின மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. அவர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

"முதல்ல விண்டோஸ்தான் தானா வரும். மூணு மாசம் முன்னாடி, அந்த ரெண்டு வரியை மாமா தேடிப் பிடிக்கறதுக்குள்ள பத்து எண்ணி முடிஞ்சிட ஆரம்பிச்சுது. அதான் லினக்ஸை மேல போட்டு, பீப் சத்தமும் வெச்சேன். சத்தம் கேட்டதும் கீழ் அம்புக்குறியை ஒரு தடவை தட்டினா விண்டோஸ். எதையும் தட்டலைன்னா பேசறது வந்துடும்."

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

அவர் தயங்கினார். "ஆபீஸ்ல பிழை திருத்தற அம்மாவுக்கு. நான் சொல்லலை. ரெண்டு படத்துக்குக் குறிப்பை மாத்தி வெச்சிட்டேன். அவங்களாத் திருத்திட்டு, யாருக்கும் சொல்லாம, என்கிட்ட மட்டும் கேட்டாங்க."

"ஆக, ஊருக்கெல்லாம் தெரியும். பக்கத்துல படுக்கறவளுக்குத்தான் தெரியாது."

தம்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்த் தானே கழுவி வைத்தான். அந்த வீட்டில் அவன் டம்ளர் கழுவியது அன்றைக்குத்தான்.

அவர் கையில் அப்போது ஒரு பெரிய வேலை இருந்தது. நீர்ப்பறவைகளைப் பற்றிய படப்புத்தகம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். இதுதான் தான் கண்ணால் செய்கிற கடைசிப் புத்தகம் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். ஆனால் வேலை நகரவில்லை. திரையில் ஒரே நேரத்தில் அவருக்குத் தெரிவது ஓர் உள்ளங்கை அளவு இடம். பறவையின் கண் தெரிந்தால் கால் தெரியாது. உள்ளங்கை உள்ளங்கையாகத் தடவிப் பார்த்து முழுப் பக்கத்தை மனதுக்குள் ஒட்டிக்கொள்ளவேண்டும்.

அதை ஒரு சாயங்காலம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். அவர் மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் இருந்தது. கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நடுவுல நீங்க பாருங்க. ஓரத்தை நான் பாத்துச் சொல்றேன்."

அன்றிலிருந்து தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் ஆறிலிருந்து எட்டு வரை இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கெட்டிக்காரி. படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தால் பக்கம் மூச்சுவிடும், எங்கே மூச்சு முட்டும் என்பது நாலு நாளில் பிடிபட்டுவிட்டது. "பல்லு வரிசை மாதிரிதாங்க இது. ஒண்ணு துருத்திட்டிருந்தா மத்ததெல்லாம் கோணலாத் தெரியும்" என்றாள். "அடடா, இத்தனை வருஷம் உன்னைப் பல்லுக்குத் தாரை வார்த்துட்டேனே" என்றார் அவர். நாரைக்குக் கால் அறுந்துவிட்டது, வாத்து பக்கத்துக்கு வெளியே போய்விட்டது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் அவ்வளவு பேசியது அந்த ஐந்து வாரத்தில்தான். அந்த நாட்கள் அப்படியே நின்றுவிடாதா என்று அவள் ஏங்கியதுண்டு.

எழுபத்தொன்றாம் பக்கத்தில் வந்தது வினை. எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கொக்கு பறக்கிற படம். அதன் குறிப்பை அவர் சிறகுக்குக் கீழே வைத்தார். அது சிறகில் உரசிக்கொண்டு நின்றது.

"இடிக்குதுங்க. கொஞ்சம் இறக்குங்க."

"இடிக்காது. கணக்குப் பண்ணித்தான் வெச்சிருக்கேன்."

"கணக்கு சரியா இருக்கலாம். கண்ணுக்கு இடிக்குது."

"யார் கண்ணுக்கு?" என்றார். திரையை விட்டுத் திரும்பாமலே, "இருபத்தாறு வருஷமா இதான் செய்யறேன். நீ அஞ்சு வாரம். எனக்குச் சொல்லித் தராதே."

அவர் காது மடல் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். வாதாடினால் ஜெயிக்கலாம். ஜெயித்து என்ன செய்வது? "ஆமாங்க, நல்லாப் பாத்தா சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனபோது அவள் கணினியைத் திறந்தாள். பீப் கேட்டதும் கீழ் அம்புக்குறி. குறிப்பை நாலு மில்லிமீட்டர் இறக்கினாள். கொக்கு சட்டென்று இறகை விரித்துக்கொண்டதைப் போலத் தோன்றியது. சேமித்து, மூடி, அடுப்பில் பால் பொங்குவதற்குள் வந்துவிட்டாள். ஒரு தடவை என்றுதான் செய்தாள். இரண்டாம் நாள் இன்னொரு பக்கம். பழகிவிட்டது. சாயங்காலம் அவர் சொல்வதற்கெல்லாம் "சரிங்க" என்பாள்; காலையில் போய்த் திருத்துவாள். அவரும் தன் கை இன்னும் தளரவில்லை என்று நம்ப ஆரம்பித்தார். சாப்பிடும்போது, "இன்னும் ரெண்டு மூணு புத்தகம்கூடத் தாங்கும் போலிருக்கு" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள்.

தொண்ணூறு பக்கம் வரை பதிப்பகத்துக்குப் போயிற்று. ஒரு சனிக்கிழமை பிழை திருத்துகிற அம்மாவே அச்சுப்படிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அறுபது வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி, மனதில் பட்டதை அப்படியே சொல்கிற வாய்.

"சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி, நான் பயந்துட்டே இருந்தேன். இப்ப பயம் போயிடுச்சு. அந்தக் கொக்குப் பக்கம் இருக்கே, குறிப்பைக் கொஞ்சம் கீழ இறக்கி, சிறகுக்கு இடம் விட்டீங்க பாருங்க, அங்க நிக்கறார் அளவுகோல்!"

அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். புன்னகை முகத்திலேயே இருந்தது. ஆனால் உள்ளே ஆள் இல்லை. அந்த அம்மா இன்னும் இரண்டு பக்கங்களைப் புகழ்ந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் இறக்கலையே" என்றார்.

அவள் காலி டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"எத்தனை பக்கம்?"

"பத்தொம்பது."

"எப்ப?"

"நீங்க குளிக்கப் போறப்ப."

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இதே மாதிரி அவர் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டா இருந்தாள்?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "உண்மையைச் சொல்லு. நீ திருத்தினது நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

"அப்ப நான் வெச்சது?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு இனி உரிமை இல்லை. உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் வாயைத் திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் எழுந்துபோனார். நடைவழியில் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். அதுவரை அவள் எதிரில் அவர் சுவரைத் தொட்டு நடந்ததில்லை.

திங்கட்கிழமை அவரே பதிப்பகத்துக்குப் போனார். தம்பி கூட்டிக்கொண்டு போனான். பதிப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பதிப்பாளர் நல்ல மனிதர். மீதி இருபத்திரண்டு பக்கத்தையும் இன்னொருவருக்குக் கொடுத்தார்; படம் இல்லாத புத்தகங்களை இவருக்கு ஒதுக்கினார். சட்டக் கையேடுகள், அகராதிகள், சொற்பொழிவுத் தொகுப்புகள். அவற்றை எழுத்தாலேயே கட்டிவிடலாம்.

திரும்பி வந்த கையோடு, "மாப்ள, அந்தக் கறுப்புத் திரையை எடுத்துடு. போட்டதும் நேரா பேசறதே வரட்டும்" என்றார்.

"செஞ்சிடலாம் மாமா. விண்டோஸ் உள்ள இருந்துட்டுப் போகட்டுமா?"

"அழிச்சிடு."

"வேண்டாங்க" என்றாள் அவள். "அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டுமே. சோறா கேக்குது?"

"இருந்தா கை அங்கதான் போகும்" என்றார் அவர். "ஒரு நாளைப் போல கீழ் அம்புக்குறியைத் தட்டிட்டு, உள்ள போய், ஒண்ணும் தெரியாம உக்காந்திருப்பேன். இந்தப் பத்து மாசமா அதைத்தானே செஞ்சேன். பேசறதைக் கத்துக்கவே இல்லை."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய புத்தகங்களையும் புகைப்படங்களையும் ஒரு வெளி வட்டில் நகலெடுக்க மதியம் முழுக்க ஆயிற்று. அவர்கள் கல்யாணப் படங்கள், அவர் அமைத்த நானூற்றுச் சொச்சம் அட்டைகள், முடியாமல் நின்ற பறவைகள். அழிப்பதற்கு மட்டும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான் மாமா." அவர் தலையாட்டினார். காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பையனைப் போல ஒவ்வொரு விசையாகத் தட்டத் தொடங்கினார்.

நாலைந்து மாதத்தில் வேலை ஓரளவு கைக்கு வந்தது. முடித்த பக்கங்களை அவள் பார்த்துச் சொல்வாள். இப்போது அவள் ஒன்றையும் மறைப்பதில்லை. அத்தியாயத்தின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் போய் விழுந்து கிடந்தால், "இருநூத்திப் பதினாலாம் பக்கம், ஒத்தை வரி" என்பாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கும். பிறகு விசைகளைத் தட்டுவார். அவளும் தன் கையால் எதையும் தொடுவதில்லை. இதுவரை ஒரு தடவைகூட அவர் அவளிடம் பக்கம் அழகாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். அந்தப் பார்வைக் குழாயும் அதற்குள் ஊசிமுனை அளவாகிவிட்டிருந்தது.

பறவைப் புத்தகம் மழைக்காலத்தில் வந்தது. பிழை திருத்துகிற அம்மா ஒரு பிரதியை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். அவர் உறையைப் பிரித்து, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, எடை பார்ப்பதைப் போல வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"முதல் தாளுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும். பக்க அமைப்புன்னு. படி."

அவள் புரட்டினாள். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, மீதிப் பக்கங்களை முடித்தவருடையது. இன்னொன்று அவளுடையது. முழுப்பெயர், முதலெழுத்தோடு. அவர் பெயர் எங்குமே இல்லை.

"என்னங்க இது? உங்க பேரு எங்க?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். நீ செஞ்சதுக்கு உன் பேருதானே இருக்கணும்?"

"எழுபது பக்கம் நீங்க கட்டினது. நான் திருத்தினது பத்தொம்பது. அதுக்கு எதுக்கு..."

"உன் பேருல எழுத்துப் பிழை இல்லையே?" என்று கேட்டார்.

அவர் குரலில் கசப்பு இருந்ததா, அன்பு இருந்ததா என்று அவள் தேடினாள். முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவள் இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பரிசாகக் கொடுத்தாரா, தண்டனையாகக் கொடுத்தாரா என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. அப்புறம் எத்தனையோ வருடம் கழித்தும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்வார் என்பதுதான் பயமாக இருந்தது.

"இல்லைங்க" என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அவர் தன் அகராதிக்கு முன்னால் உட்கார்ந்தார். பாதியில் விட்டிருந்த இடத்திலிருந்து கணினி வாசிக்க ஆரம்பித்தது.